வியன்னா சுடுகாடும் எங்கள் ஊர் சுடுகாடும்

வியன்னாவில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்காது. ஆபீஸ் வேலையாக ஆறு மாதம் அங்கே இருந்தபோது, பொழுது போகாமல் நான் சுற்றிப் பார்த்ததெல்லாம் சுடுகாடுகளைத்தான். உடன் வேலை பார்த்த சென்னைப் பெண் ஒருத்தி கூட்டிப் போவாள். ஊரிலேயே பெரிய கல்லறைத் தோட்டத்துக்குள் பஸ் ஓடியது, அதற்கு நிறுத்தங்கள் வேறு. சங்கீத மேதைகளைப் புதைத்த இடத்தில் வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு பணக்காரனின் கல்லறை, அரியலூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டைவிடப் பெரிது. தூண், இரும்புக் கதவு, கதவுக்குப் பூட்டு. உள்ளே இருப்பவன் எங்கே ஓடிவிடப் போகிறான்? செத்த பிறகும் இந்தப் பகட்டா என்று எரிச்சல்தான் வந்தது.

ஆனால் அங்கே வந்தவர்களில் பாதிப் பேர் பெண்கள். ஒரு கிழவி பூவாளியோடு வந்தாள். கல்லைத் துடைத்தாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள், பக்கத்திலேயே உட்கார்ந்து ரொட்டி தின்றாள். அவளை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

அப்பா இறந்தபோது நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம். விக்கிரமங்கலம் பக்கம் எங்கள் ஊர். பாடை தெருமுனைக்கு வந்ததும் பெரியப்பா திரும்பி, "பொம்பளைங்க இதோட நின்னுக்குங்க" என்றார். திருச்சி ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக் கிடந்தவள் நான். பெரியப்பா ஒரே ஒரு நாள் ஆரஞ்சுப் பழத்தோடு எட்டிப் பார்த்தவர். அவர் முன்னால் போனார், நான் தெருமுனையில் நின்றேன். அதன்பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்டேன். அப்பாவைப் புதைத்த இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பெரியப்பா, சித்தப்பா, என் சொந்த அண்ணன், மூன்று பேரும் பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று ஒரே பல்லவியைப் பாடினார்கள். பதினோரு வருஷம் பாடினார்கள்.

வியன்னாவிலிருந்து திரும்பியதும் போட்டோக்களை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எவ்வளவு சுத்தமா வச்சிருக்கான் பாரு. நம்மூர்லயும் இருக்கே."

"அதுவும் சுடுகாடுதானே பெரியப்பா. நான் உள்ள போயிட்டுத்தானே வந்திருக்கேன்."

"அது வெளிநாடும்மா."

வெளிநாட்டுப் பிணத்துக்குப் பெண் வந்தால் ஆகும், உள்ளூர்ப் பிணத்துக்கு ஆகாது. இந்த அறிவுக்குத்தான் ஊரில் அவரைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுகிறார்கள். மறுநாள் காலையில் ஒரு சம்பங்கி மாலையை வாங்கிக்கொண்டு நானே நடந்தேன். தனியாகப் போனால் ஊர் சிரிக்கும் என்று மூவரும் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

சுடுகாடு முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. நடுவில் நின்று, "அப்பா எங்க?" என்று கேட்டேன்.

பெரியப்பா வாய்க்கால் பக்கம் கை காட்டினார். "அங்கன இல்லண்ணே, இந்தப் பனைமரத்துக்கிட்ட" என்றார் சித்தப்பா. முதல் பிடி மண் போட்ட அண்ணன் இரண்டுக்கும் நடுவே பார்த்துவிட்டு, "அப்ப முள்ளு இல்ல, இப்ப அடையாளம் தெரியல" என்றான். அந்த இடத்தைக் காவல் காத்த லட்சணம் அதுதான். ஒருவர்கூட ஒரு நாளும் திரும்பி வந்து பார்த்ததில்லை. எனக்கு அழுகை வரவில்லை. அருவருப்பாக இருந்தது, மூன்று பேர் முகத்தையும் பார்க்க.

"மாலைய எங்க போடுறது?" என்றேன்.

பெரியப்பா வேட்டியில் குத்தியிருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார்: "எங்க போட்டா என்னம்மா, எல்லாம் ஒரே மண்ணுதானே."