கஞ்சி ஹவுஸ்

அறுபதுகளில் பம்பாய் ஃபோர்ட்டில் ஓர் ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். பட்டாளத்தின் பழைய கட்டடக் குறிப்பொன்றைப் பிரதி எடுக்கையில் ‘கஞ்சி ஹவுஸ்’ என்ற ஆங்கிலச் சொல் அகப்பட்டது. நம் கஞ்சி ஆங்கிலத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது! எனக்குத் தலைகால் புரியவில்லை. கஞ்சி ஊற்றும் கான்டீன்தான் அது என்று நினைத்து, எங்கள் ஆபீஸுக்கும் ஒரு கஞ்சி ஹவுஸ் வேண்டுமென்று உடனே மனு அடித்தேன். தாராவியிலிருந்து வரும் பியூன் அண்ணாச்சியும் கையெழுத்துப் போட்டார்.

மாட்டுங்காக்காரரான ஹெட் கிளார்க் மனுவைப் படித்து, தடித்த அகராதியைப் புரட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“அது பட்டாளத்து லாக்கப்! உள்ளே இருக்கறவாளுக்குக் கஞ்சிதான் ஊத்துவா. அதான் அந்தப் பேர். உங்க ரெண்டு பேரையும் பூட்டி வைக்கட்டுமா?”

எனக்கு மானம் போயிற்று. அண்ணாச்சி அசரவில்லை.

“பூட்டுங்க சார். தொட்டுக்கிட என்ன குடுப்பாவ?”