அமாவாசையன்று மீன்

காலை ஐந்தே முக்கால் மணி. கண் விழித்ததும் நான் முதலில் கண்டது ஒரு மீன் தலை. குசினி வாசலில், வாழைச் சருகின் மேல், வாய் திறந்தபடி கிடந்தது. அம்மா குந்தியிருந்து மிச்சத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று ஆடி அமாவாசை. தகப்பனை இழந்தவர்கள் விரதமிருந்து, நீராடி, எள்ளும் தண்ணீரும் இறைத்து அவரை நினைக்கும் நாள். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்கள். முதல் நாளே மீன் சட்டியைக் கழுவிக் கோடிப்புறத்தில் கவிழ்த்துவிடுவார்கள். அமாவாசையன்று அந்த வீடுகளில் மீன் என்ற சொல்லைக்கூட யாரும் எடுக்க மாட்டார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா மலாயாவில் ரெயில்வேயில் கிளாக்கராக இருந்தார். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அது மூன்றாவது ஆடி. கொட்டாஞ்சேனையில் குடியிருந்த பெரியப்பா, அப்பாவின் தமையன், அந்த ஆடியில் முடிவு செய்தார்: தம்பி இறந்துவிட்டார். ஆதாரம் ஒரு கனவு. அப்பா வாய் உலர்ந்து வந்து, வாசலில் நின்று தண்ணீர் கேட்டாராம். பெரியப்பா அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம் பார்த்தவர். கீழே வேலை செய்பவன் ஒருநாள் காய்ச்சலில் படுத்தாலும் வைத்தியரின் அத்தாட்சி கேட்கும் மனிதர் அவர். தம்பியின் சாவுக்கு ஒரு கனவு அவருக்குப் போதுமாயிருந்தது.

ஆடி பிறந்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்து அறிவித்தார்.

"அமாவாசை விடிய வந்து பெடியனை முகத்துவாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன். ஐயரிட்டைச் சொல்லியாச்சு."

அம்மா பதில் சொல்லவில்லை. கணவனின் தமையனோடு நேருக்கு நேர் கதைக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. ஏதும் சொல்ல வேண்டுமானால் என்னைப் பார்த்துச் சொல்லுவாள். பெரியப்பாவும் என்னைப் பார்த்தே கேட்டுக்கொள்ளுவார். நான் இருவருக்கும் நடுவில் நின்றால் போதும். அன்று என்னிடமும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பெரியப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். எனக்குப் போக ஆசை. களனி கங்கை கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் போகும் வழியில் துறைமுகத்துக் கப்பல்களைப் பார்க்கலாம். யுத்தக் கப்பலும் நிற்கும். அப்பாவுக்கு ஒரு காரியம் செய்யப்போகிறேன் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தேன். காரியம் என்றால் என்ன என்று தெரியாது. நான் தண்ணீர் இறைத்தால் அப்பாவுக்குத் தாகம் தீரும் என்று பெரியப்பா சொன்னார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆடிக் காற்றில் கொழும்புக் கடல் கொந்தளிக்கும். வள்ளங்கள் இறங்காது, நல்ல மீன் கிடைப்பது அருமை. அந்த விடியலில் எங்கள் குசினியில் ஒரு முழு விளைமீன் கிடந்ததென்றால், மீன்காரனிடம் அம்மா முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். இது நான் பிற்காலத்தில் யோசித்துக் கண்டது. அன்று கண்டது அவள் அம்மியில் மிளகாய் அரைத்த வேகத்தை.

குழம்பு இறங்கியதும் சோற்றைப் பிசைந்து கொண்டு வந்து என் முன்னால் இருந்தாள்.

"தின்."

"பெரியப்பா ஒண்டும் தின்ன வேண்டாமெண்டவர்."

"உன்னைப் பெத்தது பெரியப்பாவோ? தின்."

வாயை இறுக்கி மூடினேன். அவள் இடது கையால் என் தாடையைப் பிடித்தாள். அதற்கு முன்னும் அடி வாங்கியிருக்கிறேன், அப்படிப் பிடித்ததில்லை. விரல்கள் கன்னத்தில் பதிந்தன. பல்லுக்குள் சோறும் மீனும் புகுந்தன. உறைப்பும் அழுகையும் சேர்ந்து மூக்கால் வழிந்தன. விழுங்கியதும் அடுத்த கவளம். அவ்வளவு ஆத்திரத்திலும் ஒவ்வொரு துண்டிலும் முள் பார்த்து எடுத்தாள்.

மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு மாமி காத்தோட்டிக்காய் பொரித்துக்கொண்டிருந்தார். ஆடி அமாவாசைப் படையலுக்கென்றே தேடி வாங்கும் கசப்புக் காய் அது. அவருடைய குரல் மட்டும் வந்தது.

"என்ன பிள்ளை, ஆற்றையோ வீட்டில மீன் மணக்குது?"

"எங்கட வீட்டிலதான் மாமி" என்றாள் அம்மா.

"இண்டைக்கோ?"

"இண்டைக்குத்தான். கொஞ்சம் தரட்டோ?"

மதிலுக்கு அப்பால் யன்னலை அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

சிறிது நேரத்தில் பெரியப்பா வந்தார். தோய்த்துலர்ந்த வேட்டி, சால்வை, நெற்றி நிறையத் திருநீறு. துணிப்பையில் எள், தர்ப்பை, அரிசி மா, வாழைப்பழம். பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் கோச்சியில் வந்து ஸ்டேசனிலிருந்து நடந்திருந்தார். உதடுகள் வெடித்திருந்தன. படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றார். மணம் அவருக்கு எட்டிவிட்டது. என் வாயைப் பார்த்தார்.

"என்னடா சாப்பிட்டனீ?"

அம்மா குசினி வாசலுக்கு வந்தாள். கையைக் கழுவவில்லை. வழக்கம்போல என்னைப் பார்த்தே சொன்னாள்.

"பெரியப்பாட்டைச் சொல்லு, மீன் சாப்பிட்டனான் எண்டு."

"உமக்கென்ன விசரே?" பெரியப்பா கேட்டார். "அவன் தண்ணியில்லாமல் அலையிறான். பெத்த பிள்ளையின்ரை கையால ஒரு சிறங்கை தண்ணி. அதையும் மறிக்கிறீரே? ஐயர் அங்கை காத்துக்கொண்டு நிக்கிறார்."

"ஐயரை வீட்டை போகச் சொல்லு."

"நான் கண்ட கனவு..."

அப்போதுதான் அம்மா என்னை விட்டுவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவள் அவரோடு நேராகக் கதைத்ததை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"கனவு கண்டது நீங்கள். தாலி என்ரை. இவன் அங்கை போய்த் தண்ணி இறைச்சிட்டு வந்தா, திரும்பி வாற நேரம் இந்த வீட்டில நான் ஆர்?"

பெரியப்பா பையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"சொல்லுங்கோவன். ஐயரிட்டை அதைக் கேட்டனியளோ? என்ன செய்யக் கூட்டிக்கொண்டு போறியளெண்டு இந்தப் பிள்ளைக்காவது சொன்னனியளோ?"

"மூண்டு வருஷமாச்சு..."

"முப்பதாகட்டும். செத்துப்போனாரெண்டு ஒருத்தரும் வந்து எனக்குச் சொல்லேல்லை. காத்திருந்து உங்களுக்கு அலுத்துப்போச்சு. எனக்கு அலுக்கேல்லை."

பெரியப்பா அழுதார். அதையும் சொல்ல வேண்டும். கனவை அவர் இட்டுக்கட்டவில்லை என்றே நான் நம்புகிறேன். ஆனால் அழுதபடியே, தம்பியின் தாகம் இனி அம்மாவின் தலையில் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். தனியே முகத்துவாரம் போய்த் தன் தகப்பனுக்கும் தம்பிக்கும் சேர்த்தே தண்ணீர் இறைத்தார் என்று பின்னர் அறிந்தோம். அதன் பிறகு நெடுங்காலம் எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை.

அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. தம்பி இறந்துவிட்டார் என்று நம்பியதற்காக அல்ல. உயிரோடிருக்கும் ஒரு பெண்ணின் தாலியை அறுக்கும் வேலையை, கப்பல் பார்க்கும் பயணம்போலக் காட்டி, அவள் பெற்ற பிள்ளையின் கையிலேயே கொடுக்கப் பார்த்தார். ஊரும் அவர் பக்கந்தான் நின்றது. விரத நாளில் மீன் காய்ச்சியவள் என்று எங்கள் ஒழுங்கையில் அம்மாவைக் காட்டினார்கள். அவள் ஏன் காய்ச்சினாள் என்று ஒருவர்கூட வந்து கேட்கவில்லை.

அன்றோ என் கோபம் முழுவதும் அம்மா மேல். கப்பலும் போயிற்று, பெருமையும் போயிற்று. பின்படியில் இருந்துகொண்டு அவளோடு கதைக்க மறுத்தேன். ஒழுங்கையில் மற்ற வீட்டுக் காகங்களுக்கெல்லாம் இலையில் படையல் சோறு. எங்கள் காகங்கள் மீன் தலைக்கு அடிபட்டுக்கொண்டிருந்தன.

யுத்தம் முடிந்து கப்பல்கள் வரத் தொடங்கின. அப்பா வரவில்லை. இறந்துவிட்டார் என்றும் எந்த அரசாங்கமும் எங்களுக்குச் சொல்லவில்லை. அம்மா கடைசிவரை பொட்டை அழிக்கவில்லை. ஆடி அமாவாசைக்கு என்னை எங்கும் அனுப்பவும் இல்லை.

அந்த நாளில் இன்னொன்றையும் பார்த்தேன். அம்மா மத்தியானம் சாப்பிடவில்லை. பொழுதுபட்டும் சாப்பிடவில்லை. குசினியை இரண்டு தரம் கழுவினாள். தலையில் தண்ணீர் வார்த்தாள். ஈரத் தலையோடு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். என்னோடு கோபம் என்று நினைத்தேன். மற்ற வருஷங்களில் அந்த நாளில் அவள் விடியத் தோய்ந்து, உச்சிப்பொழுதில் வாழையிலை போட்டுப் படைத்துவிட்டுத்தான் வாயில் தண்ணீர் வைப்பாள். அந்த வருஷம் இலை போடவில்லை. யாருக்குப் படைக்கிறாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அம்மாவின் தகப்பனார் நான் பிறப்பதற்கு முன்னரே காலமாகியிருந்தார்.