அண்ணனின் பக்கம்

தேய்ப்புப் பெட்டியைச் சட்டைமேல் வைத்த கையோடு தெருவை எட்டிப் பார்க்கிறார் அக்கா. தபால்காரரின் சைக்கிள் மணி காதில் விழுந்துவிட்டது. “அக்கா, சட்டை!” என்று நான் அலறியதும்தான் பெட்டி மேலே எழும்பியது. காலர் பிழைத்தது. போன வாரம் என் பேன்ட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

சலவைக் கடையில் வேலை. தெருவுக்கே அவர் பெட்டி அக்கா. அவர் வைக்கும் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். வாய் அதைவிடக் கூர்மை. “இந்தச் சட்டையோடயா கல்யாணத்துக்குப் போனீங்க? சாப்பாடு போட்டாங்களா சார்?” என்று என்னையே கேட்டவர்.

அந்த வாய் இப்போது அடங்கிக் கிடக்கிறது. தூரத்து ஊரில் தனியாக இருக்கும் அண்ணன்தான் காரணம். அவருக்குக் காது மந்தம். “போன்ல நல்லா இருக்கியான்னு கேட்டா, இங்க மழையே இல்லைங்கும்” என்பார் அக்கா.

அதனால் கடிதம்தான். அதிலும் இவர்களுக்கென்று ஒரு வழக்கம். முன்பக்கம் இவர் எழுதுவார். பின்பக்கத்தில் பதில் எழுதி, அதே தாளை அண்ணன் திருப்பி அனுப்புவார். ஒரே நோட்டைப் பங்குபோட்டுப் படித்த நாளிலிருந்து வந்த பழக்கம். திரும்பி வந்த தாளை இளஞ்சூட்டில் தேய்த்து நிமிர்த்திய பிறகுதான் அக்கா படிப்பார். பின்பக்கம் வராமல் அடுத்த கடிதம் கிடையாது.

இந்த முறை வரவில்லை. கடைசியாக வந்த பதிலில் எழுத்து வேறு கோணிக்கொண்டு ஓரத்தில் சரிந்திருந்தது. தபால்காரர் இப்போதெல்லாம் எதிர்ச்சாரியோடு போய்விடுகிறார். அக்காவின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. எனக்கும்தான்.

“நேர்ல ஒரு நடை போயிட்டு வரலாமே அக்கா?”

“போய், கதவு பூட்டியிருந்தா?”

“இன்னொரு கடிதமாவது போடுங்க.”

“போட்டா, போன கடிதத்துக்குப் பதில் வராதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் சார்.”

நேற்றுச் சட்டை வாங்கப் போனேன். மேசைமேல் புதுத் தாள் ஒன்று, பக்கத்தில் உறை. முன்பக்கம் நிறைய எழுதியிருந்தார். மனசு மாறிவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். “நானே தபால் பெட்டியில போட்டுடறேன்” என்று உறையைக் கையில் எடுத்தேன்.

“இருங்க சார், இன்னும் முடியல.”

தாளைத் திருப்பினார். அண்ணன் எழுதவேண்டிய பக்கம். ‘தங்கச்சிக்கு, நான் நல்லா இருக்கேன்’ என்று அதில் தானே எழுதினார். அண்ணனின் கையெழுத்துக்கு மட்டும் கீழே இடம் விட்டார்.