பால்வண்ணன் கட்டிய வீடும் என் வயிற்றெரிச்சலும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கல்கத்தா நியூ டவுன் வீட்டில் ஏ.சி. மெக்கானிக்குக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். சாந்த்ராகாச்சியிலிருந்து போன். என் மனைவி சங்கரிதான் எடுத்தாள். "எப்ப?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள், பிறகு ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுமுனையில் அவள் தங்கை கோமதி. "காப்பி கொண்டு போனேன் அத்தான். தெக்கு வராந்தாவுல பேப்பர மடியில வச்சுக்கிட்டு இருந்தாவ. ரெண்டு தடவ கூப்பிட்டேன். திரும்பவே இல்ல" என்றாள்.

என் சகலை பால்வண்ணன் போய்விட்டார். இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரோடு ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள், அவர் வீட்டில் சாப்பிட்டவர்கள். தங்கமான மனிதர் என்பீர்கள். நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் அவரைப் பற்றி நான் எழுதினால் உண்மையைத்தான் எழுத வேண்டும். பதினைந்து ஆண்டுகளாக நான் அந்த மனிதரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். போனில் செய்தியைக் கேட்ட நொடியிலும் முதலில் தோன்றியது அதுதான்: ஒரு நாள்கூடப் படுக்கையில் கிடக்காமல், தான் கட்டிய வராந்தாவில், காற்று வாங்கிக்கொண்டே போகக் கொடுத்துவைத்தவர். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

நாங்கள் இருவரும் திருநெல்வேலிப் பக்கம் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். நான் மூத்த மருமகன். பவானிபூரில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரி. அவர் இளையவர், சாந்த்ராகாச்சியில் சிக்னல் பிரிவில் டிப்ளமோ படித்த ஜூனியர் இன்ஜினியர். மாமனார் கல்கத்தா வந்தால் பெட்டியை என் வீட்டில்தான் வைப்பார். எந்தப் பேச்சானாலும் "மூத்தவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க" என்பார். பால்வண்ணனும் என்னை வாய் நிறைய "அண்ணாச்சி" என்று கூப்பிடுவார். அந்த இடம் எனக்குச் சுகமாக இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் ரயில்வே யார்டுக்கு அப்பால், ஒரு குளத்தின் வடகரையில், கொஞ்சம் நிலம் வாங்கினார். தாழ்வான இடம். வாங்கியவர் உடனே கட்டவும் இல்லை. ஒரு வருஷம் முழுக்க, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் ஒரு மூங்கிலை நட்டு, காலை, மதியம், சாயங்காலம் என்று அதன் நிழலை அளந்து நோட்டில் குறித்துக்கொண்டார். ஒரு தடவை நான் போனபோது, கையில் ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு நிலத்தின் மூலைக்கு மூலை நடந்துகொண்டிருந்தார்.

"என்ன சகலை, மண்ணுக்குப் பூஜையா?" என்றேன்.

"புகை எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கேன் அண்ணாச்சி. கடனப் பாக்கதுக்கு முன்னால காத்தப் பாக்கணும்லா?"

வீட்டுக்கு வந்து இதைச் சங்கரியிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வருஷம் பவானிபூரில் எங்கள் வாடகை வீட்டில் ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் இரண்டு தாள்களை விரித்தார். ஒன்றில் வீடு. படுக்கையறைகள் தெற்கே, குளத்தைப் பார்த்து. வெயில் அடிக்கும் மேற்கில் மாடிப்படியும் குளியலறையும் சாமான் அறையும். செங்கலைப் படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் சுவர்; செங்கலில் கால் பங்கு மிச்சம், சூடும் உள்ளே வராது. "சுவருக்குள்ள இருக்க காத்து இருக்கே, அது சம்பளம் கேக்காம இருவத்துநாலு மணி நேரமும் டியூட்டி பாக்கும்" என்றார். கூரைக் கான்கிரீட்டுக்குள் குயவரிடம் வாங்கிய மண் கிண்ணங்களைக் கவிழ்த்து வைக்கப் போவதாகவும் சொன்னார். சிமெண்ட் குறையும், கம்பி குறையும், வெயிலும் குறையும்.

இரண்டாவது தாளில் பணம். அஸ்திவாரம் பிராவிடண்ட் ஃபண்ட் அட்வான்சில். சுவரும் கூரையும் வங்கிக் கடனில். பூச்சும் தரையும் சம்பளத்தில், கொஞ்சம் கொஞ்சமாக. ரயில்வேயின் வீட்டுக் கடனுக்கு வரிசை நீளம் என்பதால் அதை நம்பவில்லை. இருபது வருஷம் கடன் மனுக்களைப் பார்த்தவன் நான். இவ்வளவு தெளிவான தாளை ஒருவரும் என் மேஜையில் வைத்ததில்லை. எனக்கென்று ஒரு வீட்டுக்குத் தாள் போடவும் எனக்குத் தோன்றியதில்லை.

சங்கரி கழுவாத கையோடு நின்று அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "பேப்பர்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்றேன். "ஆமா அண்ணாச்சி, அதுக்குத்தான் கட்டிப் பாக்கப் போறேன்" என்றார் அவர், ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளாமல்.

உண்மையிலேயே கட்டிப் பார்த்தார். நிலத்தில் மார்பளவு உயரத்துக்கு ஒரு மாதிரிச் சுவர். ரஃபிக் என்ற கொத்தனார் மிஸ்திரி முதலில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். இது சுவரில்லை பாபு, மீன்கூடை என்று சொன்னாராம். முதல் மூன்று வரிசையைப் பால்வண்ணனே கட்டிக் காட்டினார். ஒரு மழைக்காலமும் கோடையில் வரும் கால்பைசாகிப் புயல் இரண்டும் அதன்மேல் அடித்தன. யார்டிலிருந்து பாரம் தூக்கும் கலாசிகள் நான்கு பேரைக் கூட்டிவந்து அதன்மேல் ஏறிக் குதிக்கச் சொன்னார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். சுவர் அசையவில்லை.

அதனால் அதற்குப் பிறகு நான் செய்ததை அறியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது.

அவர் ஹவுராப் பக்கம் வேறொரு கிளையில் கடனுக்கு மனுப் போட்டார். ஒரு நாள் அந்தக் கிளை மேனேஜர் எனக்குப் போன் செய்தார். வங்காளி, நல்ல மனிதர், எச்சரிக்கையானவர். "மனுவில் உங்கள் உறவினர் என்று எழுதியிருக்கிறார். ஆள் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உள்ளே காலியாக ஒரு சுவர், கூரையில் மண் கிண்ணம்! நீங்களும் வங்கிக்காரர். பார்த்திருப்பீர்கள். நிற்குமா?"

பார்த்தேன், நிற்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சொந்தக்காரர் விஷயத்தில் நான் கருத்துச் சொல்வது முறையில்லை" என்றேன்.

விதிப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை. "புரிகிறது" என்றார் மேனேஜர். அவர் என்ன புரிந்துகொள்வார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிச் சொன்னேன். பத்து நாளில் மனு திரும்பி வந்தது.

பால்வண்ணன் என்னிடம் வந்து, "என்ன அண்ணாச்சி, குறை எங்க இருக்கு?" என்று கேட்டார். "அவங்க அப்படித்தான்" என்றேன். அவர் இரண்டாவது தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் புதிதாக எழுதினார். ஒரே ஓர் அறையும் சமையலறையும் முதலில். அது எழும்பியதும் ரயில்வே குவார்ட்டர்சைக் காலி செய்தார். குவார்ட்டர்ஸ் இல்லாததால் மாதாமாதம் வீட்டு வாடகைப்படி வந்தது. அந்தப் படி அடுத்த அறைக்குச் செங்கல் ஆனது. கோமதியின் இரட்டை வடம் கூரைக்குப் போனது. இப்படியே நான்கு வருஷம். நான்கு மழைக்காலமும் கோமதி இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு தார்ப்பாய்க்குக் கீழே துணி உலர்த்தினாள். சில நாள் சமைத்ததும் அங்கேதான். சங்கரி போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசமாட்டாள். காரணம் அவளுக்குத் தெரியாது. வங்கிக்காரர்கள் எல்லார்மேலும் அவளுக்குக் கோபம்.

வீடு முடிந்து நாங்கள் போனது ஒரு மே மாதம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு சங்கரி சிவப்புத் தரையில் முந்தானையை விரித்துப் படுத்தாள். ஃபேன் போடாமலே தூங்கிப்போனாள். தலைக்கு மேலே கூரையில் கிண்ணங்களின் வட்டங்கள் வரிசையாக. குளத்திலிருந்து வந்த காற்று அவள் முடியை அசைத்தது. நான் தூங்கவில்லை. எழுந்துபோய் விரல் முட்டியால் சுவர்களைத் தட்டிப் பார்த்தேன்.

அன்று தொடங்கிய பழக்கம். போகும்போதெல்லாம் கால் வலிக்கிறது, நடக்க வேண்டும் என்று சொல்லி வீட்டைச் சுற்றி வருவேன். தேடியது விரிசல். ஒரு ஆகஸ்டில் வடக்குச் சுவரின் அடியில் உள்ளங்கை அகலம் ஈரம் கண்டேன். ஒரு வாரம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த தடவை நான் அங்கே குனிந்து நிற்பதை அவர் பார்த்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து தடவிப் பார்த்து, "நல்ல வேளை காட்டுனீங்க அண்ணாச்சி. எங்க ஒருத்தர் கண்ணுலயும் படல" என்றார். மறு வாரம் அந்த ஈரமும் இல்லை.

ஓய்வு பெற்ற வருஷம் வந்த பணத்தில் நான் நியூ டவுனில் ஃபிளாட் வாங்கினேன். விளம்பரத் தாளில் "தொக்கின் கோலா" என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். தெற்குப் பக்கம் திறந்தது என்று அர்த்தம். தெற்கே அடுத்த கட்டடம் எழும்பியது. திறந்திருந்தது மேற்கு மட்டும்தான். மேலே மொட்டை மாடி. இரண்டு ஏ.சி. ஓடியும் அறை ஆறவில்லை. மின்சாரக் கட்டணம் அவர் கட்டுவதைப்போல ஐந்து மடங்கு வந்தது. இதைக் கணக்குப் போட்டுச் சொன்னது சங்கரி.

ஒரு சித்திரை மாதம் அவர் பார்க்க வந்தார். மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துச் சட்டென்று எடுத்தார். "அண்ணாச்சி, இது வீடா, இட்லிக் கொப்பரையா?" என்று சிரித்தார். பிறகு, "கவலப்படாதீங்க. ரஃபிக்கக் கூட்டிட்டு வாரேன், சரி பண்ணிருவோம்" என்றார். அந்தக் கருணையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அன்னைக்கு உங்க லோன் போனது என்னாலதான்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "அந்த மேனேஜர் உங்ககிட்ட என்ன கேட்டாரு? நீங்க என்ன சொன்னீங்க? வார்த்தை மாறாமச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். சங்கரி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்து செருப்பை மாட்டினார். "நாலு மழை அண்ணாச்சி. கோமதி தார்ப்பாய்க்கு அடியில நின்னு சமைச்சா" என்றார். லிஃப்டுக்குக் காத்திராமல் படியிறங்கிப் போனார். அன்று ராத்திரி சங்கரி பாயை எடுத்துக்கொண்டு போய்க் கூடத்தில் படுத்தாள்.

பதினோரு மாதம் பேச்சில்லை. பொங்கலுக்கும் வரவில்லை, தீபாவளிக்கும் வரவில்லை. அதிலும் நான் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்றால் நம்புவீர்களா? என் கோபம் எல்லாம் உள்ளே புகைந்தே கெட்டது. அவருக்கு நேராகக் கோபப்படத் தெரிந்திருந்தது.

அடுத்த பங்குனியில் ஒரு காலை மணி அடித்தது. பால்வண்ணன், ரஃபிக் மிஸ்திரி, சுண்ணாம்பு மூட்டை, மூங்கில் தட்டிகள். "உங்ககிட்டப் பேச வரல. மதினிக்கு வேகுது, அதுக்கு வந்தேன்" என்றார். நான்கு நாள் மொட்டை மாடியில் நின்று கோட்டுக்கு மேல் கோட்டாகச் சுண்ணாம்பு அடித்தார்கள். மேற்கு ஜன்னல்களுக்கு வெளியே தட்டி கட்டினார்கள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். அறை ஆறியது. சங்கரி ஒரு ஏ.சி.யை நிறுத்திவிட்டாள்.

நான்காம் நாள் டீ குடிக்கும்போது அவராகவே சொன்னார்: "கோபம் போகல, அண்ணாச்சி. போகும்னும் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. மொத்தப் பணமும் அன்னைக்கே கிடைச்சிருந்தா மேக்க ஒரு பெரிய ஜன்னல் வச்சிருப்பேன். படத்துல இருந்துச்சு. ஒரு ரூம்ல ஒரு கோடைய இருந்து பாத்த பொறவுதான் அது தப்புன்னு தெரிஞ்சுது. அதுவும் நெசம், இதுவும் நெசம்."

அதன்பிறகு போக்குவரத்து இருந்தது. "அண்ணாச்சி" என்ற அழைப்பில் மட்டும் பழைய நிறைவு இல்லை. நான் அதற்கு உரியவனும் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ரஃபிக் மிஸ்திரி முர்ஷிதாபாத்திலிருந்து ரயிலேறி வந்திருந்தார். கலாசிகள் வந்திருந்தார்கள். என் காரியத்துக்கு இத்தனை பேர் வருவார்களா என்று எண்ணிக்கொண்டுதான் இலையில் உட்கார்ந்தேன். சாப்பாடு முடிந்தபோது ஓர் இளம் தம்பதி கோமதியிடம் வந்து தயங்கி நின்றார்கள். பக்கத்தில் நிலம் வாங்கியிருக்கிறார்களாம். சார் வந்து விளக்குவதாகச் சொல்லியிருந்தாராம். கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் காட்டினாள். "அத்தான்கிட்டக் கேளுங்க. இந்த வீட்டுல அவிய பாக்காத செங்கல் கிடையாது."

அவள் அதை எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. லோன் விஷயம் எல்லாம் அவளுக்குத் தெரியும்.

எழுந்தேன். சுவரின் இடைவெளி எவ்வளவு, மூலைகளில் அதை ஏன் அடைக்க வேண்டும், கிண்ணத்தை எப்போது நனைக்க வேண்டும், குளியலறை ஏன் மேற்கே, எந்த மாதம் வெயில் எந்தக் கல் வரை வரும், முதலில் எந்த அறை, எந்தப் பணத்தில் எந்தச் சுவர். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. நான் படித்ததில்லை, அவர் கற்றுக்கொடுத்ததும் இல்லை. குறை தேடிச் சுற்றிச் சுற்றி வந்தவனுக்கு அந்த வீடு மனப்பாடம் ஆகியிருக்கிறது. நேசித்தவர்கள் அதில் தூங்கினார்கள். நான்தான் விழித்திருந்து பார்த்தேன்.

"சார், இது நீங்க கட்டுனதா?" என்றான் அந்தப் பையன்.

ஆமாம் என்று சொல்லிவிட ஒரு நொடி ஆசை வந்தது. அந்த ஒரு நொடியையும் மறைக்காமல் இங்கே எழுதிவிடுகிறேன். பிறகு, "இல்லப்பா. என் சகலை கட்டுனாரு. நீங்க பேங்குக்குப் போற அன்னைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க. சுவர் நிக்குமான்னு கேப்பாங்க" என்றேன்.

பால்வண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். அவருடைய மன்னிப்பு எனக்குக் கிடைக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. வயிற்றெரிச்சல் இப்போதும் இருக்கிறது. அது மனப்பாடம் செய்து வைத்த வீடும் இருக்கிறது. கேட்பவர்களுக்கெல்லாம் அதை முழுதாகச் சொல்லப்போகிறேன், அவர் பெயரோடு.