நான் வெட்டிய ஒன்பது விடைகள்

டிப்ளமா முடித்தவர்கள் நுழைவுத் தேர்வு எழுதி நேராக இன்ஜினியரிங் இரண்டாம் வருஷத்தில் சேரலாம். அதற்காக, மலையாள ஊருக்குள் தமிழர் தெருவான வலியசாலையில் நானும் எதிர்வீட்டுக்காரியும் கால்குலஸை நாங்களாகவே படித்தோம். இருவரும் ஒரே வகுப்பில் டிப்ளமா முடித்தவர்கள். புத்தகம் ஒன்று, நோட்டு ஆளுக்கொன்று. அவள் வீட்டில் ஒரு தடவை மட்டும் எழுதிப் பார்க்க அனுமதி, அதன்பின் கல்யாணம்.

சொல்லித்தர ஆள் இல்லாததால், திருத்த ஒரு பட்டியல் வைத்திருந்தேன். ஒன்று, பிளஸ் மைனஸ் சரியா. இரண்டு, கடைசியில் C என்ற மாறிலி உண்டா. மூன்று, புத்தகத்தின் பின்பக்க விடையோடு ஒத்துப்போகிறதா. அவள் நோட்டையும் நான்தான் திருத்தினேன். அவளே கேட்டது அது.

இன்டக்ரேஷன் பகுதியில் அவள் விடைகள் ஒத்துப்போகவில்லை. சைன் வர வேண்டிய இடத்தில் காஸ், முன்னால் ஒரு மைனஸ். ஒரு வாரத்தில் ஒன்பது. ஒன்பதையும் சிவப்பு மையால் வெட்டினேன்.

“வழியெல்லாம் சரியாத்தானேடி போயிருக்கு?”

“விடை வேற இல்லையா? அப்போ வழியும் தப்பு.”

“சரி வாத்தியாரம்மா, அடிக்காதீங்கோ.”

மறுநாள் அதில் ஒரு கணக்கை மறுபடி போட்டாள். அதே காஸ். நோட்டை என்னிடமே விட்டுப் போனவள் அதற்கப்புறம் வரவில்லை. விண்ணப்பமும் போடவில்லை. “சாரமில்லை, விடு. எனக்கு இது வராது,” என்றாள். சங்கடம் வந்தால் அவளுக்கு மலையாளம் வந்துவிடும்.

விண்ணப்பத் தேதி முடிந்த மறுவாரம், ஒரு கணக்கில் நானே சைனுக்குப் பதில் காஸை எடுத்துத் தொடங்கிவிட்டேன். அவள் விடை வந்தது. அதை டிஃபரன்ஷியேட் செய்தேன். கேள்வி அப்படியே திரும்பி வந்தது; விடை சரியென்றால்தான் அப்படி வரும். புத்தக விடையையும் அப்படியே செய்தேன், அதே கேள்வி. இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் அரை. C எந்த எண்ணாகவும் இருக்கலாம், அந்த அரை அதற்குள் அடங்கிவிடும். எல்லாக் கணக்கிலும் அவள் C எழுதியிருந்தாள். நான் அதற்கு டிக்கும் போட்டிருந்தேன். C எதற்கு என்று மட்டும் யோசிக்கவில்லை.

ஒன்பதையும் சரிபார்த்தேன். எட்டு சரி. ஒன்று உண்மையிலேயே தப்பு. அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு நோட்டோடு தெருவைக் கடந்தேன். ஜாதகத்தோடு அனுப்ப போட்டோ எடுக்கவேண்டி, அவள் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

“என்ன, வெட்டறதுக்கு இன்னும் பாக்கி இருக்கா?”

“திருப்பித் தர வந்தேன்.”

“நீயே வெச்சுக்கோ. பாதி காலியாத்தான் இருக்கு.”

அந்தக் காலிப் பக்கங்களில் கணக்குப் போட்டுத்தான் தேர்வுக்குத் தயாரானேன். முன்பக்கத்து வெட்டுக்களின் தடம் பல தாள்களுக்கு அடியிலும் விரலில் தட்டியது. இடம் கிடைத்தது.

கல்யாண ரிசப்ஷனில் என்னை மாப்பிள்ளை அருகே இழுத்து நிறுத்தினாள். “எனக்குக் கணக்கு வராதுன்னு முதல்ல கண்டுபிடிச்சது இவதான். இல்லேன்னா இப்பவும் கால்குலஸ் போட்டுண்டு இருப்பேன்.” அவர் சிரித்தார். போட்டோக்காரர் இன்னும் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னார். நின்றேன்.