ராசப்பனை ஆற்றில் விட்டுப்போனவர்

இல்லை, புலி அடிக்கவில்லை. காட்டுக்குள் அவர் ஒருமுறைகூடப் போனதில்லை. தாமோதரன் இறந்த செய்தி பிரிக்பீல்ட்ஸில் பரவிய காலையில், அச்சக வாசலில் கூடியவர்கள் என்னிடம் கேட்டது அதைத்தான். மலேரியா. குவினைன் கிடைக்கவில்லை. வீட்டுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தபடியே போனார். சொன்னேன். ஒரு லோரிக்காரர் நம்பவில்லை.

"சும்மா சொல்லாத தங்கச்சி. அந்த மனுசனுக்குக் கட்டில்ல சாவா?"

அவருடைய காட்டுக் கதைகளை நீங்களும் படித்திருப்பீர்கள். எழுதியவர் ரயில்வே சரக்குக் கிடங்கில் குமாஸ்தா. மூச்சிரைப்பு உண்டு. கிள்ளானைத் தாண்டினால் தலை சுற்றும். எங்கள் வார இதழ் காகிதப் பஞ்சத்தில் ஒற்றைத் தாளாகச் சுருங்கியபோதும் பின்பக்கம் முழுக்க அவருடைய ராசப்பன்தான். வடக்கே காட்டில் வழிதவறி, கிள்ளானில் இருக்கும் வீட்டை நோக்கி நடக்கிறவன். நான் புரூஃப் பார்த்தேன். இடம் மிஞ்சினால் என் கவிதைக்கு ஒரு மூலை. பெரும்பாலும் மிஞ்சாது.

பொறாமைப்பட்டேன். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

ராசப்பனின் காலில் ரத்தம் குடித்த அந்த அட்டை என்னுடையது. ஜப்பானியர் வந்த நாட்களில் எங்கள் குடும்பம் அம்பாங்குக்கு அப்பால் காட்டோரத்தில் ஒளிந்திருந்தது. என் கணுக்காலில் ஓர் அட்டை ஏறியது. அதைப் பின்னால் நான்கு வரிகளாக எழுதினேன். அவர் படித்தார். மறுபடியும் படித்தார்.

"எப்படிம்மா எடுத்தே?"

"அம்மா வெத்தலைச் சுண்ணாம்பைத் தடவினாங்க."

"அதை ஏன் எழுதல?"

"அது முக்கியமில்லண்ணே."

"என்னம்மா இது! படிக்கிறவன் கால்ல அது இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு லா!"

அடுத்த வாரம் ராசப்பனின் காலில் அட்டை ஏறியது. காப்பிக் கடையில் ஒருவர் உரக்க வாசித்தார். கேட்டவர்கள் மேசைக்கடியில் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள். நானும் குனிந்தேன். அன்று முழுவதும் அவரை வெறுத்தேன்.

சாலாக் செலாத்தானிலிருந்து அஞ்சலை அக்கா வருவார். அவர் கணவரை ஜப்பானியர் சயாமுக்கு, ரயில்பாதை போட, பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். கடிதம் இல்லை. பார்த்ததாகச் சொல்ல ஓர் ஆளும் இல்லை. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. இதழ் வெளிவரும் நாளில் அச்சகத்துக்கு வந்து தாமோதரன் வாயால் கேட்டுப் போவார். ராசப்பனுக்குக் காய்ச்சல் என்றால் அந்த வாரம் அவருக்குச் சோற்றுக்குப் பதிலாகத் தின்னும் கிழங்கும் தொண்டையில் இறங்காது. காய்ச்சல் விட்டது என்றால் கோயிலில் விளக்கேற்றுவார். அவரைப் போல இன்னும் சில பெண்கள். வடக்கே இருக்கும் ஒருவனைப் பற்றி அவர்களுக்கு வாராவாரம் கிடைத்த ஒரே சேதி அது.

ராசப்பன் சாக வேண்டும், அதுதான் நேர்மை என்று தாமோதரனிடம் வாதாடினேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் அவனைக் கொன்னுடறேன். அந்தப் பொண்ணு வந்து நிக்கும்போது நீ வாசிச்சுக் காட்டுறியா?"

நான் புரூஃப் தாளைத் திருப்பி வைத்தேன்.

"முதல்ல ஆளை ஆத்தைத் தாண்ட வைம்மா. அப்புறம் ஆத்தைப் பத்தி யோசிக்கலாம்."

கதை எழுத வந்த எல்லாரிடமும் அவர் சொல்வது அது. என்னிடமும் அதையே சொன்னாரே என்று கோபம்.

கடைசியாக அச்சான பகுதியில் மூங்கில் தெப்பம் கவிழ்ந்தது. ராசப்பன் ஆற்றுக்குள் போனான். அந்த வாரமே தாமோதரன் படுத்துவிட்டார். பார்க்கப் போனபோது, அவன் எப்படிக் கரையேறுவான் என்று கேட்டேன்.

"தெரியலம்மா. காய்ச்சல் விட்டாத் தெரியும்."

பிறகு என் புதுக் கவிதையை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவை" என்றார். அவருக்கு ஊரே இருந்தது. எனக்கு அவர்தான் இருந்தார்.

கருமாதி அன்று அவர் வீட்டுப் பின்கட்டில் அஞ்சலை அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, நீதானே கூடவே இருந்தே. அண்ணன் மிச்சத்தச் சொல்லியிருப்பாரே? அவன் இன்னும் தண்ணிக்குள்ள இருக்கான் லா. படுத்தா எனக்குத் தூக்கமில்ல."

தெரியாது என்பதுதான் உண்மை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வேர்," என்றேன். "கரையில இருந்து ஒரு மரத்து வேர் தண்ணிக்குள்ள தொங்குச்சு. அது கையில கெடச்சிருச்சு."

"அப்புறம்?"

அப்புறம் அவன் சேற்றில் கிடந்து நடுங்கினான். விடிந்ததும் ஒரு மலாய்க்கார அம்மா பார்த்துத் கம்பத்துக்கு, அதாவது தன் கிராமத்துக்கு, கூட்டிப்போனாள். கஞ்சி கொடுத்தாள். கஞ்சியில் உப்பு இல்லை. ஏன் உப்பைச் சொன்னேன் என்று தெரியவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இரண்டு பெண்களின் கைகள் நின்றிருந்தன. அஞ்சலை அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என் எழுத்துக்காக யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை.

"வீட்டுக்கு வந்துட்டானா?"

"நடந்துக்கிட்டு இருக்கான்க்கா."

"இதெல்லாம் அண்ணன் சொன்னதுதானே?"

அந்த வேர் என்னுடையது. உப்பில்லாத கஞ்சியும் என்னுடையது.

"ஆமாக்கா. அண்ணன் சொன்னதுதான்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மிச்சப் பாத்திரங்களைக் கழுவ உட்கார்ந்தார்.

தாமோதரனை அறிந்த நீங்கள், அந்த அக்காவிடம் வேறு மாதிரி சொல்லிவிட வேண்டாம். தாமோதரனுடைய பேனா என்னிடம் இல்லை. அவருடைய சிரிப்பும் எனக்கு வராது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பொறாமை. அவர் போன பிறகும் அது குறையவில்லை. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

அன்று மாலை அச்சகத்துக்குப் போய்ப் பின்பக்கத்துக்கு ராசப்பனின் அடுத்த பகுதியை எழுதினேன். மேலே தாமோதரன் என்று பெயர் போட்டு அச்சுக் கோர்க்கக் கொடுத்தேன்.