மாமா கொடுத்த சீப்பு

இரண்டு பல் உடைந்த மரச்சீப்பு ஒன்று என் மேசைமேல் கிடக்கிறது. பக்கத்திலேயே, ஒரு லட்சம் பேர் என் வீடியோ சேனலில் சேர்ந்ததற்காக வந்த வெள்ளிப் பட்டயம் நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் சீப்பை ஒதுக்கி வைத்துவிட்டுப் பட்டயத்தோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். எந்த வீடியோவால் சேனல் இவ்வளவு வளர்ந்தது என்று கேட்பார்கள். நான் சிரித்து மழுப்புவேன். அந்தச் சிரிப்பைக் கண்ணாடியில் பார்க்க நேர்ந்தால் எனக்கு நானே ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருக்கும்.

சீப்பு என் அக்காவின் கணவருடையது. ஆந்திராவில், புத்தூருக்கு வெளியே மாமாவுக்கு ஒரு சின்ன மாந்தோப்பு உண்டு. அக்கா மகள் டீச்சர் வேலைக்குப் பரீட்சை எழுதத் தொடங்கியபோது, அவளுக்கு வேலை கிடைத்ததும் திருமலையில் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டு, கத்தரிக்கோலுக்குத் தலையைக் காட்டுவதையே நிறுத்திவிட்டார். மூன்று வருஷத்தில் முடி தோளைத் தாண்டியது, தாடி மார்பில் விழுந்தது. உரக்கடையில் சாமியாரே என்று கூப்பிட்டார்கள். மாமா கோபித்துக்கொள்ளவில்லை. "இது சாமியோட முடி மச்சான். நம்மகிட்ட இருக்கிற வரைக்கும் சிக்கு இல்லாம வெச்சிக்கினு இருக்கணும்" என்பார். காலையும் மாலையும் மரத்தடியில் உட்கார்ந்து, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி பொறுமையாகச் சீவுவார். சீவி முடித்ததும் சீப்பு சட்டைப் பைக்குள் போகும்.

என் சேனல் அப்போது நொண்டிக்கொண்டிருந்தது. மாங்காய் பறிப்பது, கிணற்றில் குதிப்பது, கோழிக் குழம்பு வைப்பது என்று எதைப் போட்டாலும் பார்க்கிறவர்கள் முந்நூறு பேரைத் தாண்டமாட்டார்கள். அதில் பாதி சொந்தக்காரர்கள். ஆளை ஏமாற்றிச் சிரிப்புக் காட்டும் பிராங்க் வீடியோ போட்டவனெல்லாம் மேலே போனதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்குத் தமிழ், ஆபீஸுக்குத் தெலுங்கு. பெயருக்குப் பின்னால் மரியாதைக்குக் 'காரு' போட்டு யாராவது சுத்தத் தெலுங்கில் போனில் பேசினால், மாமா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றுவிடுவார். அது எனக்குத் தெரியும். அதைத்தான் பயன்படுத்திக்கொண்டேன்.

மாமரக் கிளையில் ஒரு போனைக் கட்டி ஓடவிட்டேன். தோப்பைப் படம் எடுப்பதாக மாமாவிடம் சொல்லிவிட்டு, மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று, புது நம்பரிலிருந்து அவரைக் கூப்பிட்டேன். சித்தூர் ஆபீஸிலிருந்து பேசுவதாகவும், அவர் மகள் வேலைக்குத் தேர்வாகிவிட்டதாகவும் தெலுங்கில் சொன்னேன். மாமா எழுந்து நின்றார். செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார். ஐந்து நிமிஷத்தில் உண்மையை உடைத்துவிடுவதுதான் என் திட்டம். ஆனால் நான் வெளியே வந்ததும் அவர் ஓடி வந்து கட்டிக்கொண்டு அழுதார். நனைந்த தாடி என் கழுத்தில் ஒட்டியது. "உங்க அக்காகிட்ட சொல்லாத. பொண்ணுக்கும் சொல்லாத. முதல்ல சாமிக்கு முடியக் குடுத்துட்டு, மொட்டைத் தலையோட போயி அவ எதிர்ல நிக்கணும் மச்சான்" என்றார். கிளையில் போன் ஓடிக்கொண்டிருந்தது. போய் அதை அவிழ்த்து எடுத்துக்கொண்டேன்.

மாமா சட்டையை மாற்றிக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிட்டார். நானும் ஏறினேன். ரேணிகுண்டாவில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு திருப்பதியில் இறங்கியதும் சொல்லலாம் என்று நினைத்தேன். மலையடிவாரத்தில் அலிபிரி வந்தபோதும் அதையேதான் நினைத்தேன். ஒவ்வொரு இடத்திலும் அவர் முகம் கேமராவில் அவ்வளவு நன்றாக விழுந்தது. பக்கத்து சீட்டில் இருந்த அம்மாளிடம், "எங்க பொண்ணு டீச்சரம்மா ஆயிட்டாங்க" என்று பெற்ற மகளுக்கே மரியாதை போட்டுச் சொன்னார். அதையும் எடுத்துக்கொண்டேன். மலைமேல் முடி இறக்கும் மண்டபத்து வாசலில் சீப்பை எடுத்து என் கையில் வைத்து, "இனிமே இது எனக்கு எதுக்கு? நீ வெச்சிக்க" என்றார். உண்மையைச் சொல்ல அதுதான் கடைசி இடம். வாயைத் திறந்தேன். "சார்ஜ் கம்மியா இருக்குது மாமா, சீக்கிரம் வாங்க" என்றேன்.

அக்கா மகள் திருப்பதியில் ஒரு விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். தலையில் சந்தனத்தோடு விடுதி வாசலில் போய் நின்று, வேலை கிடைத்துவிட்டது என்று மாமா அவளிடம் சொன்னார். அவள் திகைத்துப்போய், "இன்னா நைனா சொல்றே? ரிசல்ட்டே இன்னும் வரலயே" என்றாள். நான் கேமராவோடு முன்னால் குதித்து, "பிராங்க் மாமா, பிராங்க்!" என்று கத்தினேன். கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து மாமாவும் சிரித்தார். ஆனால் அவர் கை சட்டைப் பைக்குள் போய்ச் சீப்பைத் தேடியது. அக்கா மகள் கேமராவைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினாள். அதைக்கூட நான் வெட்டவில்லை. லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். பட்டயம் அந்த வீடியோவால் வந்ததுதான்.

அந்தத் தடவை அவள் தேறவில்லை. சில மாதங்கள் கழித்துத் தனியார் பள்ளி ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டபோது, பயிற்சி வகுப்பில் போன் கூடாது என்பதால் அப்பாவின் நம்பரைக் கொடுத்திருந்தாள். பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். 'காரு' போட்டு, சுத்தத் தெலுங்கில், மறுநாள் காலையே அவளை வந்து சேரச் சொன்னார்கள். மாமா எழுந்து நிற்கவில்லை. "போதும் மச்சான். தலையில இன்னும் முடி வளரல" என்று தமிழில் சொல்லிப் போனை வைத்துவிட்டாராம். திரும்பக் கூப்பிட்டார்கள், அவர் எடுக்கவில்லை. வேலை வேறொருத்திக்குப் போனது. அக்காதான் எனக்குச் சொன்னாள். "அந்த மனுசன் சாமிகிட்டகூட ஒண்ணும் கேக்கறது இல்லடா இப்போ. முடியக் குடுத்துட்டு வந்துட்டேன், மறுபடி எப்படிக் கேக்கறதுன்றாரு" என்றாள். அக்கா மகள் பரீட்சை எழுதுவதை விட்டுவிட்டுத் துணிக்கடையில் பில் போடுகிறாள். இதெல்லாம் தெரிந்த அன்றே வீடியோவை அழித்துவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். அழிக்கவில்லை. இன்றைக்கும் புதிதாக வருகிற ஆட்கள் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள். வெட்கமாக இருக்கிறது.

போன மாதம், போனை வீட்டிலேயே வைத்துவிட்டுச் சீப்போடு தோப்புக்குப் போனேன். மாமா அதே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். முடியை ஒட்ட வெட்டியிருந்தார், பாதி நரைத்திருந்தது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தது எல்லாம் மறந்துபோய், சீப்பை நீட்டி, "மன்னிச்சிடுங்க மாமா" என்று மட்டும் சொன்னேன். அவர் சீப்பைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, முன்பு நான் போனைக் கட்டியிருந்த கிளையைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டு, அந்தக் கிளைப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"சொல்லு மச்சான், இப்ப நான் அழுவணுமா, சிரிக்கணுமா?"

அதில் கிண்டல் இல்லை. மச்சான் பிழைப்புக்குத் தன்னால் ஆனதைச் செய்யத் தயாராக, என் பதிலுக்குக் காத்திருந்தார். கிளையில் ஒன்றும் இல்லை மாமா என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. இன்னொரு தடவை கிளையைப் பார்த்து லேசாகச் சிரித்து வைத்தார். சீப்பை வாங்கிக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.